கிளட்ச்சில் ஒரு கட்டை

வூப்பர்டாலில் மழை விட்ட பிறகும்
கராஜின் தகரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
டொம்ப்ரோவ்ஸ்கி காருக்கு அடியில் கிடந்தார்.
அவருடைய சப்பாத்துகள்தான் எங்களோடு கதைத்தன:
முப்பது வயது எப்போதோ தாண்டிவிட்டது,
இலக்கத் தகட்டின் கடைசியில் ஒரு 'ஹா' எழுத்து வாங்கலாம்.
வரி குறையும். நகரத்துக்குள்ளும் விடுவார்கள்.
ஆனால், எல்லாம் அசலாய் இருக்கவேண்டும்.

ரூபனுக்கு வேறு கணக்கு.
டீசல் எஞ்சினைத் தூக்கிவிட்டு
எங்கோ மோதி நொறுங்கிய மின்காரொன்றின்
மோட்டாரை உள்ளே வைப்பானாம்.
பற்றரிக்கு டிக்கி போதுமாம்.
"புகை வராது அக்கா. சத்தமும் வராது."
போனில் வரைபடம் காட்டினான்.
அழகாய்த்தான் இருந்தது,
தழும்பே தெரியாத சத்திரசிகிச்சை மாதிரி.

நான் அசலின் பக்கம்.
ஏனென்று கேட்டால் ஒழுங்காய்ச் சொல்ல வராது.
திறப்பைப் பாதி திருப்பி
அந்த மஞ்சள் விளக்கு அணையும்வரை
அப்பா பேசாமல் இருப்பார்.
மாரியில் இருபது விநாடி.
எங்கள் குடும்பம் சண்டை பிடிக்காத
இருபது விநாடி.

டொம்ப்ரோவ்ஸ்கி எழும்பி வந்து
கதவின் கீல் மடிப்பை நகத்தால் சுரண்டினார்.
கரும்பச்சைக்குக் கீழே வெளிறிய தந்த நிறம்.
கூரையில் இரண்டு ஓட்டை, றப்பர் வைத்து அடைத்தது.
"இது டாக்சி" என்றார்,
பிரேத அறையில் ஆளை அடையாளம் காட்டுகிறவர் போல.

ஒரு டொக்டர் வைத்திருந்த கார் என்றுதான்
அப்பா எல்லாக் கல்யாண வீட்டிலும் சொன்னார்.
வாங்கும்போதே நாலு இலட்சத்து எண்பதாயிரம் கிலோமீற்றர்.
அந்த டொக்டர்
எத்தனை நோயாளியைப் பார்க்கப் போனாரோ!

ரூபன் சிரித்தான். பிறகு நானும்.
"அசல்தானே வேணும்?
தந்த நிறம் அடி, கூரையில் பலகையைப் பூட்டு,
ஸ்டேஷனில் போய் நில்."

டொம்ப்ரோவ்ஸ்கிக்குப் பகிடி விளங்கவில்லை.
அவர் கழற்றவேண்டியவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.
வானொலி மாற்றினது. பின் சீற் துணி மாற்றினது.
குனிந்தார். "இது என்ன?"

கிளட்ச் மிதியில் ஒரு மரக்கட்டை.
சைக்கிள் ரியூப் சுற்றி, இரண்டு ஆணி போட்டு இறுக்கியது.
அப்பா ஐந்தடி இரண்டு.
வாங்கின முதல் கிழமையே செய்திருப்பார்.
ஆறடி ரூபனுக்கு அது முழங்காலை ஸ்டியரிங்கில் இடிக்கவைத்த சனியன்;
அதைக் கழற்றச் சொல்லி, ஒருமுறை
இரண்டு மாதம் அவரோடு கதைக்காமல் இருந்தான்.

நான் ஓட்டப் பழகினது அந்தக் கட்டையில்.
என் கால் சரியாய் எட்டும்.
இன்றைக்குத்தான் அளந்து பார்த்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்,
எனக்கு எப்போதும் தெரியும்.

"பரிசோதகர் கண்டால் அனுப்பிவிடுவார்."
தெரியும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை
வரிசையில் நிற்கமுதல் கழற்றி பொக்கற்றில் போட்டு,
முத்திரை வாங்கி, அடுத்த தெருவில் நிறுத்தி
திரும்பப் பூட்டுவார் அப்பா.
டோர்ச் பிடித்தவள் நான்.

பச்சை அப்படியே இருக்கட்டும் என்றேன்.
ஓட்டைகளும் இருக்கட்டும்.
எஞ்சின் செத்தால் ரூபனின் மோட்டார்.
"எப்போ சாகும்?" என்று கேட்டான்.
"இதுவா?" டொம்ப்ரோவ்ஸ்கி கையைத் துடைத்தார்,
"முதலில் நான்."

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை 'ஹா' கிடைத்தது.
பரிசோதகர் பச்சையைத் தடவிப் பார்த்து
அந்தக் காலத்து நிறம்தான் என்று எழுதினார்.
இரண்டு தெரு தள்ளி,
பெருவிரல் நுனியால் கிளட்ச்சை மிதித்து மிதித்து வந்து,
பேக்கரி வாசலில் நிறுத்தினேன்.

பொக்கற்றில் இருந்து கட்டையை எடுத்து
தலைகீழாய்ப் படுத்தேன்.
ரூபன் டோர்ச் பிடித்தான்,
பிழையான இடத்தில்.